பல்கலைக்கழகம் தொடங்கும் வரை



"காலம் பொன் போன்றது" என்று சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரையில் நானும் எழுதியிருக்கிறேன். எழுதியபோது அது எனக்கு வெறும் வாக்கியம். அதன் பொருள் விளங்கியது 2009 ஆம் ஆண்டில், நான் அதிக நேரத்தை வீணாக்கிய காலத்தில்தான்.

2008 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதினேன். பெறுபேறு வந்தது, இசட் புள்ளி வந்தது, பின்னர் வெட்டுப்புள்ளியும் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவானேன். தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். ஆனால் விரிவுரைகள் தொடங்கும் திகதி மட்டும் வரவில்லை. பரீட்சை எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஓராண்டுக்கும் மேலாக வீட்டிலேயே இருந்தேன்.

ஹட்டனுக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தில், விடியும்போதே பெரட்டுக்கு ஆட்கள் போகும் சத்தம் கேட்கும். அம்மா ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு மலைக்குப் போய்விடுவார். லயம் வெறிச்சோடிவிடும். நான் கம்பளிக்குள் கிடப்பேன். பத்து மணிக்கு எழுந்து வாசலில் நிற்பேன். எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவார்கள். அவர்களில் அம்மா யார் என்று தேடுவதும் எனக்கு ஒரு பொழுதுபோக்கு. பழைய பத்திரிகைகளை விளம்பரம் வரைக்கும் வாசித்தேன். இரவில் சிவனொளிபாதமலையின் விளக்குகளை எண்ணினேன். மே மாதத்தோடு யாத்திரைக் காலம் முடிய, அந்த விளக்குகளும் அணைந்தன. "நேரமே போக மாட்டேங்குது" என்பது என் அன்றாடப் பல்லவியாயிற்று.

ஒருநாள் அதைத் தங்கச்சியிடமும் சொன்னேன். அவள் 2008 டிசம்பரில் சாதாரண தரம் எழுதி, கணிதத்தில் மட்டும் சித்தியடையவில்லை. 2009 டிசம்பரில் மீண்டும் எழுத விண்ணப்பித்திருந்தாள். இம்முறையும் தவறினால் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தது. பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், குடத்தை இறக்காமலே சொன்னாள்:

"ஒனக்கு நேரம் போக மாட்டேங்குது அண்ணே. எனக்கு நேரம் பத்த மாட்டேங்குது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றுதான் அவளுடைய நாளை நான் முதன்முதலாகக் கவனித்தேன். தண்ணீர், விறகு, சமையல், துணி, இடையிடையே எனக்குத் தேநீர். எல்லாம் முடிந்து அவள் புத்தகத்தைத் திறக்கும்போது இரவு ஒன்பது மணி. ஒரே காம்பராவில் இருந்தும் இது என் கண்ணில் பட்டதில்லை. அவள் படிக்க வேண்டிய நேரத்தைத்தான் நான் சும்மா படுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குடத்தை நான் எடுத்தேன். "கெம்பஸ் போற தம்பி தண்ணி தூக்குது" என்று பீலியில் பெண்கள் சிரித்தார்கள். மாலையில் இருவரும் கணிதப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். கலைப்பிரிவில் படித்த எனக்கும் பாதி மறந்திருந்தது. சதவீதத்தில் வந்து இருவரும் நின்றுவிட்டோம். கணக்குகளில் யாரோ ஒரு வியாபாரி பொருள் வாங்கி விற்றுக்கொண்டேயிருந்தார். அவருடைய இலாபம் அவள் மனதில் ஏறவில்லை.

அந்த நாட்களில்தான் அம்மாவின் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்தேன். 2009 செப்டெம்பரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 285 ரூபா. வரவுக் கொடுப்பனவு 90 ரூபாவும், தேயிலை விலையோடு சேர்ந்த கொடுப்பனவு 30 ரூபாவும் கூட்டினால் 405 ரூபா. ஆனால் வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதமாவது வேலைக்குப் போனால்தான் அந்த 90 ரூபா கிடைக்கும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம்.

"285 ரூபாவுக்கு 8 சதவீதம் எவ்வளவு?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "22 ரூபா 80 சதம்" என்றாள். பிறகு அவளாகவே அடுத்த கணக்கைப் போட்டாள். அந்த மாதம் வேலை வழங்கப்பட்ட நாட்கள் 24. அதில் 75 சதவீதம் 18. அம்மா வேலைக்குப் போனது 17 நாள்.

ஒரேயொரு நாள் குறைந்ததால், 17 நாளுக்குமான 90 ரூபா கிடைக்கவில்லை. "1530 ரூபா" என்று சரியாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் பல்கலைக்கழகப் பதிவுக் காரியங்களுக்காக அம்மா ஒருநாள் வேலையை விட்டு என்னோடு ஹட்டனுக்கு வந்திருந்தார். அந்த நாள்தான் அது.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ தனியா போயிருப்ப. நான் வரணும்னுதானே வந்தேன், தம்பி" என்றார்.

அன்று முதல் தங்கச்சிக்குச் சதவீதம் பிழைக்கவில்லை. எனக்கும் பத்து மணி வரை படுத்திருக்க முடியவில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் கொப்பியோடு வந்தார்கள். பிரத்தியேக வகுப்பாசிரியராக நான் இன்று செய்யும் தொழில் அந்தத் திண்ணையில் தொடங்கியதுதான்.

2010 பிறந்த பின் பேராதனைக்கு ரயில் ஏறினேன். பெறுபேறு வந்த அன்று தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள். கணிதத்தில் 'எஸ்', சாதாரண சித்தி. பெரிய பெறுபேறு அல்ல. ஆனாலும் கொழும்புப் பேச்சு அத்தோடு நின்றது, அவள் உயர்தர வகுப்பில் சேர்ந்தாள்.

மாணவர்களே, பரீட்சை முடிந்ததும் உங்களுக்கும் சில மாதங்கள் ஓய்வு கிடைக்கும். "நேரம் போகவில்லை" என்று சொல்லத் தோன்றினால், வீட்டில் யாருக்கு நேரம் போதாமல் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். "நான் கழித்த விடுமுறை" என்று பரீட்சையில் தலைப்பு வந்தாலும், காணாத கடற்கரையை வருணிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் குடத்தை யார் தூக்கினார்கள் என்று எழுதுங்கள்.