25-ம் நம்பர் கதவு

2008-ல் ஒரு வெள்ளிக்கிழமை, திருப்பூரில் நண்பனின் பனியன் கம்பெனிக்கு மெயில் சர்வர் போட்டுக் கொடுத்தேன். கூலி கிடையாது. மத்தியானம் பிரியாணி, கிளம்பும்போது அரை டஜன் டி-ஷர்ட். (அதில் இரண்டின் கழுத்து முதல் சலவையிலேயே வாயைப் பிளந்தது. அது வேறு கதை.)

மெயில் சர்வர் என்றால் பயப்படாதீர்கள். ஆபீஸுக்குள்ளேயே ஒரு குட்டி போஸ்ட் ஆபீஸ், அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் சென்ட்ஓஎஸ் 5 என்கிற இலவச லினக்ஸைப் போட்டு, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற தபால்காரரை உட்கார வைத்தேன். அனுப்பிப் பார்த்தேன், போனது. வரவழைத்துப் பார்த்தேன், வந்தது. ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி சென்னை வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, சர்வர் சூப்பர்! குப்பை மெயில் ஒண்ணுகூட வர்றதில்ல." நானும் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

வியாழக்கிழமை மறுபடி போன். இப்போது குரல் வேறு. ஜெர்மனியிலிருந்து வாங்குகிறவர் பேசினாராம். 12,000 டி-ஷர்ட்டுக்கு விலையை உறுதி செய்து புதன்கிழமைக்குள் பதில் போடச் சொல்லி, இரண்டு முறை நினைவூட்டியும் மூச்சே இல்லை, விருப்பமில்லையா என்று கேட்டாராம்.

கம்பெனியில் மெயில் பார்ப்பவர் கணக்கு எழுதும் அண்ணன். வயது 58. டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்துப் பழகி, 50-க்கு மேல் கம்ப்யூட்டர் கற்றவர். "அண்ணா, அனுப்புனீங்களா இல்லையா?" என்று நண்பன் கத்துவது எனக்கு போனில் கேட்டது. "சத்தியமா செவ்வாக்கிழமையே அனுப்பிச்சேனுங்க. நெனப்பூட்டுன கடுதாசி எதுவும் எனக்கு வரவே இல்லீங்க."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். மெயில் சர்வருக்கு 25-ம் நம்பர் கதவு ஒன்று உண்டு. 1982-ல் விதி எழுதிய நாளிலிருந்தே தபால் கைமாறுவது அந்தக் கதவில்தான். டெல்நெட் என்று ஒரு கட்டளை கொடுத்துத் தட்டினால், உள்ளே ஆள் இருந்தால் 220 என்று ஆரம்பித்துப் பதில் வரும்.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அடித்தார்.

"டூ ட்வென்ட்டி வருதுங்களாண்ணா?"

"வருதுங்க தம்பி. பின்னாடி இங்கிலீஷ்ல இன்னும் என்னமோ இருக்குதுங்க. படிக்கட்டுங்களா?"

"வேணாம், வேணாம். 220 வந்தா போதும்."

நண்பனிடம் தீர்ப்பு சொன்னேன். "சர்வர் நல்லாத்தான்டா இருக்கு. அண்ணன் அட்ரஸைத் தப்பா அடிச்சிருப்பார்."

அன்று சாயங்காலமே அவரிடம், நாளையிலிருந்து மெயிலைத் தொட வேண்டாம் என்று நண்பன் சொல்லிவிட்டான். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். ஆனால் ரயில் ஏறும்போதே வயிற்றில் ஏதோ செய்தது.

வெள்ளி காலை போய் உட்கார்ந்தேன். போஸ்ட்ஃபிக்ஸ் ஓடவே இல்லை! கிளப்பினேன். திரையில் பச்சை எழுத்தில் 'ஓகே' வந்தது. மறுபடி பார்த்தால், ஓடவில்லை. மறுபடி கிளப்பினேன். மறுபடி பச்சை. ஒரு மணி நேரம் இப்படியே. அந்தக் கால போஸ்ட்ஃபிக்ஸ் ஓகே சொல்லிவிட்டு, அடுத்த நொடி பின்னணியில் செத்துப் போகும். எதற்குச் செத்தேன் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுத்தான் சாகும். அதை எழுதும் இடம் மெயில்லாக் என்ற கோப்பு. முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். நான் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தேன். நிபுணர்கள் அப்படித்தான்.

கடைசியில் திறந்தேன். '25-ம் கதவைப் பிடிக்க முடியவில்லை, ஏற்கனவே உபயோகத்தில் இருக்கிறது' என்று ஒரே வரி.

யார் உபயோகத்தில்? டெல்நெட்டில் தட்டினேன். 220. இந்த முறை மீதியையும் படித்தேன். அண்ணன் படிக்கட்டுங்களா என்று கேட்ட அதே மீதி. சென்ட்மெயில் 8.13.8 என்றிருந்தது.

சென்ட்மெயில் பழைய தபால்காரர். 1980-களின் ஆரம்பத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது. போஸ்ட்ஃபிக்ஸ் இளையவர். ஐ.பி.எம்.மில் வீட்சே வெனிமா எழுதி, 1998-ல் வெளியானது. சென்ட்ஓஎஸ் 5-ல் கேட்காமலேயே வேலையில் இருப்பவர் சென்ட்மெயில்தான். அன்று நான் அவரைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, இளையவரை எழுப்பியிருந்தேன். 'இனிமேல் நிரந்தரமாக இவர்தான்' என்று நியமன உத்தரவு மாதிரி ஒரு கட்டளை உண்டு. பிரியாணி வந்துவிட்டதால் அதைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படியிருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கரன்ட் போய், யு.பி.எஸ். தீர்ந்து, சர்வர் அணைந்திருக்கிறது. கரன்ட் வந்ததும் வழக்கம்போல் பழையவர் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார்.

அவர் சும்மா இருக்கவில்லை. அண்ணன் அனுப்பியதை வாங்கி, நேரே ஜெர்மனிக்கு எடுத்துப் போகப் பார்த்திருக்கிறார். இணைப்பு கொடுத்தவர்களோ வெளியே போகும் 25-ஐ அடைத்து வைத்திருந்தார்கள். குப்பை மெயில் பயம். அதற்காகவே சுற்றுவழி ஒன்று ஏற்பாடு செய்து, அதைப் போஸ்ட்ஃபிக்ஸிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பழையவர் அடைத்த கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். நாலு மணி நேரம் கழித்து, 'இன்னும் போகவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்' என்று அனுப்பியவருக்கு எச்சரிக்கைக் கடிதமும் எழுதியிருக்கிறார். அதைத் தனக்குத் தெரிந்த பழைய பெட்டியில் போட்டார். நான் ஆபீஸுக்குக் காட்டிக் கொடுத்திருந்ததோ புதுப் பெட்டி. ஒன்று கோப்பு, மற்றது டைரக்டரி. ஒன்றைப் பார்ப்பவருக்கு மற்றது தெரியாது.

பழைய பெட்டியைத் திறந்தேன். நாலு நாள் குப்பை மெயில் மொத்தமும் பத்திரமாக இருந்தது. நடுவில் ஜெர்மன்காரரின் இரண்டு நினைவூட்டல்கள். அவற்றுக்குக் கீழே, அண்ணன் பெயருக்கு அந்த எச்சரிக்கை.

அண்ணனைக் கூப்பிட்டேன். ஒரு நீளமான நோட்டோடு வந்தார். கார்பன் காலத்துப் பழக்கம். அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் தேதி, நேரம், யாருக்கு என்று மையில் எழுதி வைத்திருந்தார். செவ்வாய், காலை 10.40. சர்வரின் கோப்பில் 10.42. அட்ரஸில் ஒரு எழுத்து பிசகவில்லை.

நண்பனை அழைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "தப்பு என்னுதுடா" என்றேன். அவன் நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணா, டீ சாப்பிடலாம் வாங்க" என்றான். திருப்பூரில் முதலாளி மன்னிப்புக் கேட்கும் முறை அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியமன உத்தரவைக் கொடுத்தேன். போஸ்ட்ஃபிக்ஸ் எழுந்தது, நின்றது. அண்ணன் கடிதத்தை மறுபடி அனுப்பினார். ஜெர்மன்காரர் அதற்குள் 7,000 டி-ஷர்ட்டை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார். மிச்சம் 5,000 வந்தது. அந்த 7,000-க்கு நண்பன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

(2010-ல் வந்த ரெட் ஹாட் 6-ல் வழக்கமான தபால்காரராகவே போஸ்ட்ஃபிக்ஸை வைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு வருஷம் தாமதம்.)

கிளம்பும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பழைய ஆளை என்னங்க தம்பி பண்ணுனீங்க?"

"எடுத்துட்டேங்கண்ணா."

"அவரு மேல தப்பொண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்கண்ணா" என்றேன்.