மூடுவதற்காகத் திறப்பவர்கள்

கோயம்புத்தூரில் மோட்டாரைப் பற்றிப் பேச்செடுத்தால் அது ஜி. டி. நாயுடு அவர்களிடம் வந்துதான் நிற்கும். ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றிப் பூட்டியே யந்திர ஞானம் பெற்ற அவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டித் தம் தொழிலைத் துவக்கினார் என்பது இந்த ஜில்லாவில் பலரும் அறிந்த சரித்திரம். கழற்றிப் பார்த்துக் கற்கும் அந்த வித்தை பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல், செல்வபுரம் பக்கத்துத் தகரக் கொட்டகைகளிலும் ஜீவித்திருப்பதை, டிக்கி இறுகிப்போன கார் ஒன்றுக்கு நடந்த சிகிச்சையின்போது கண்டேன்.

காருக்கு உடையவர் பல்லடத்துப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். பழுது பார்த்த பம்ப் செட் ஸ்டார்ட்டர் டிக்கிக்குள் அகப்பட்டிருக்க, தென்னைக்குத் தண்ணீர் பாயாத கவலையில் அவர் நிலைகொள்ளாமல் தவித்தார்.

"ஏனுங், கடப்பாரையப் போட்டு ஒரு நெம்பு நெம்பீட்டா ஆகாதுங்களா?"

"நெம்புனா தெறந்துக்குமுங்க. பொறவு மூடோணுமில்லீங்களா?" என்றார் பட்டறைக்காரர்.

ஆயுதம் எதையும் தொடுமுன் அவர் வியாதியை நிதானித்தார். சாவியே நுழையாவிட்டால் பூட்டின் உள்ளிருக்கும் மெல்லிய தகடுகள் புழுதியில் ஒட்டிக்கொண்டன என்றும், சாவி தடையின்றிச் சுழன்றால் கம்பியைப் பிடிக்கும் கிளிப் கழன்றது என்றும், ஓட்டுநர் இருக்கையருகே உள்ள லீவர் தொளதொளத்தால் கேபிள் அறுந்தது அல்லது நீண்டது என்றும், எல்லாம் அசைந்தும் மூடி எழாவிட்டால் கொக்கியின் மேல் பாரம் அழுத்துகிறது என்றும் அவர் பகுத்துச் சொன்னது ஒரு வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வதை ஒத்திருந்தது. பாரத்தால் இறுகியதானால், ஒருவர் மூடியைக் கீழே அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் லீவரை இழுத்தாலே போதுமாம். இந்தக் காரிலோ சாவியும் வீணாகச் சுழன்றது, லீவரும் தளர்ந்து கிடந்தது; ஆகவே உள்ளிருந்து திறப்பதே வழி.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் தயாராகும் கார்களின் டிக்கியில், உள்ளே அகப்பட்டவர் தாமே திறந்துகொள்ளும் சாதனம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இருளில் ஒளிரும் கைப்பிடியாக அது பெரும்பாலும் அமைந்திருக்கும். அத்தகைய வசதியில்லாத இக்காரில், பின் இருக்கையைக் கழற்றி, ஒல்லியான இளைஞர் ஒருவர் டார்ச்சும் ஸ்குரூ டிரைவருமாக உள்ளே தவழ்ந்து சென்று கொக்கியின் நாக்கைத் தள்ளினார். டிக்கி திறந்துகொண்டது. தோட்டக்காரர் ஸ்டார்ட்டரை வாரியெடுத்துக் கிளம்பத் துடித்தார். பட்டறைக்காரருக்கோ வேலை அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

கழற்றிய கொக்கியில் பழைய கிரீஸும் செம்மண் புழுதியும் சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தன. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்த பின், நாக்கு தானாகத் தன் ஸ்தானத்துக்குத் திரும்புகிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். உடைந்த பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதிலாக ஸ்பிரிங் கம்பியைக் குறட்டால் வளைத்து ஒன்று செய்துகொண்டார். அறுந்த கேபிளுக்கு மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளை அளவாக வெட்டிப் பொருத்தினார். அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுபோன பிறகும் அதன் பூட்டுகளுக்கு உயிர் கொடுப்பது இவ்விதமான கைவேலையே. கொக்கிக்குப் புதுக் கிரீஸ் தடவியவர், சாவித்துவாரத்தில் மட்டும் எண்ணெய் விடாமல் கிராபைட் தூளை ஊதினார். எண்ணெய் புழுதியை அழைத்து வந்து குடியேற்றிவிடும் என்பது அவர் அனுபவம்.

இதற்குப் பின் அவர் செய்ததே இத்தொழிலின் சூக்ஷ்மம். மூடியைச் சாத்தாமல், திறந்த நிலையிலேயே கொக்கிக்குள் ஸ்குரூ டிரைவரை அழுத்திப் பூட்டவைத்து, லீவரால் ஒரு தரமும் சாவியால் ஒரு தரமும் விடுவித்துப் பார்த்தார். சோதியாமல் சாத்தியிருந்தால், சிறு பிசகிருந்தாலும் பின் இருக்கையை மறுபடி கழற்ற வேண்டி வந்திருக்கும். பலத்தைக் கொண்டு திறப்பது யாவருக்கும் சாத்தியம். திறந்தது மறுபடி மூடவும், மூடியது மறுபடி திறக்கவும் செய்வதற்கே சாமர்த்தியம் வேண்டும், கூலியும் அதற்குத்தான்.

உடையவரே தம் கையால் மூடித் திறந்து பார்த்தாலன்றிப் பணம் வாங்குவதில்லை என்பது பட்டறையின் வழக்கம். தோட்டக்காரர் சாத்தினார், லீவரை இழுத்தார், மறுபடி சாத்தினார். பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டு, மும்முனை மின்சாரம் வருவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டுமென்று வண்டியைக் கிளப்பினார்.