பிள்ளைகளின் பாட்டு ஏன் மூன்று முறை மாறியது



எங்கள் பாடசாலை ஊடகக் கழகப் பிள்ளைகள் செய்த பாட்டு வீடியோவைப் பார்த்த பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சேர், அன்றைக்கு மண்டபத்தில காட்டினது வேற, இப்ப யூடியூப்பில கிடக்கிறது வேற. ஏன் மாத்தினீங்கள்? ஆரும் சொல்லி மாத்தினதோ?" சிலர் கொஞ்சம் சந்தேகத்தோடும் கேட்டீர்கள். அதனால் விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓம், சொல்லித்தான் மாத்தினது. சொன்னது நீங்கள்தான்.

தெரியாதவர்களுக்கு: தரம் 10, 11 பிள்ளைகள் பன்னிரண்டு பேர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கலந்த கூட்டம். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடம் எடுப்பவர்கள் பாதிப் பேர், சும்மா ஆசையில் வந்தவர்கள் மீதிப் பேர். கையில் இருந்தது ஒரு போன், ஒரு ஸ்டாண்ட், இலவசமாகக் கிடைக்கிற ஒரு எடிட்டிங் செயலி. பாட்டின் தலைப்பு 'வீடு'. சொல்லும் மெட்டும் அவர்களுடையவை. வாத்தியம் பற்றி எங்கள் வீடுகளில் பல கருத்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் பிள்ளைகளே றபான், கைதட்டு, உலக்கை இடிக்கிற சத்தம் என்று முடிவெடுத்தார்கள். அந்த உலக்கைச் சத்தம்தான் பாட்டின் தாளம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த இரண்டு சொற்கள் இருக்கின்றன: கணிப்பீடு, மதிப்பீடு. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கே தடக்குப்படுகிறது என்று பார்த்து, அங்கேயே திருத்துவது கணிப்பீடு. எல்லாம் முடிந்த பிறகு புள்ளி போடுவது மதிப்பீடு. வீடியோவுக்கும் இது பொருந்தும். முகநூலில் போட்ட பிறகு வருகிற லைக்கும் இதயமும் மதிப்பீடு. அது வரும்போது திருத்த நேரம் போய்விட்டது. அதுவும் எங்கள் ஊரில் வாத்தியார் போட்ட பதிவுக்கு யார் லைக் போடாமல் விடுவார்கள்? மருமகன் பாடினால் மாமா இதயம் போடுவார், பாட்டைக் கேட்காமலே போடுவார்.

அதனால் வெளியிட முதல் ஊருக்குக் காட்டுவது என்று தீர்மானித்தோம். இது புதுப் பழக்கமும் இல்லை. மட்டக்களப்புக் கூத்து மரபில் அரங்கேற்றத்துக்கு முன்னர் 'அடுக்குப் பார்த்தல்' என்று ஒன்று உண்டு. முழுக் கூத்தையும் ஊரார் முன்னிலையில் ஆடிப் பார்ப்பார்கள். எங்கே சோர்கிறது, எவருடைய சொல் விளங்கவில்லை என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். கோவலன் கூத்துக்குப் பெயர்போன முல்லைத்தீவு மண்ணில் இருந்துகொண்டு இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருக்கவில்லை.

முதற்தடவை மண்டபத்தில் காட்டினோம். முடிந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் "எப்பிடி?" என்று கேட்டார்கள். எல்லோரும் "நல்லம்" என்றீர்கள். பெற்றோர் நல்லம், கடைக்காரர் நல்லம், அதிபர் மிக நல்லம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த 'நல்லம்' என்ற சொல்லை வைத்து ஒரு செக்கனைக்கூட வெட்டவோ கூட்டவோ முடியாது.

ஆகவே அடுத்த தடவை முறையை மாற்றினோம். வீடு வீடாக, ஐந்தாறு பேராகக் காட்டினோம். ஒரு பிள்ளை போனைப் பிடிக்கும். இன்னொரு பிள்ளை திரையைப் பார்க்காமல் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்க்கும். கையில் ஒரு கொப்பி. எத்தனையாவது செக்கனில் யார் வேறுபக்கம் திரும்பினார்கள், யார் சிரித்தார்கள், யார் பக்கத்தில் இருந்தவரிடம் "என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள் என்பதைக் குறிக்க வேண்டும். கேள்வியும் மாறியது. "எப்பிடி?" என்று கேட்கக்கூடாது. "எந்த இடத்தில விளங்கேல்ல? திரும்பப் பார்க்கச் சொன்னா எந்த இடத்தைப் பார்ப்பீங்கள்? பாட்டு எதைப் பற்றினது?" என்று மூன்றே கேள்வி.

யூடியூப்பில் 'ரிட்டென்ஷன்' என்று ஒரு வரைபு உண்டு. எந்தச் செக்கனில் எத்தனை வீதமானோர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஒரு கோடாக அது காட்டும். கோடு சடாரென்று விழுகிற இடத்தில் ஏதோ பிழை. ஆனால் பத்து இருபது பேர் பார்த்த வீடியோவுக்கு அந்த வரைபால் பெரிய பயன் கிடைக்காது. எங்கள் கொப்பி அதே வேலையைச் செய்தது. அத்தோடு வரைபுக்குத் தெரியாத ஒன்றும் கொப்பிக்குத் தெரியும்: ஆள் ஏன் திரும்பினார் என்று.

கொப்பி சொன்ன முதல் விஷயம் சிரிப்பானது. தொடக்கத்தில் நாற்பது செக்கன் பெயர்ப்பட்டியல் போட்டிருந்தோம். பாடசாலைச் சின்னம், நன்றி, ஆசி, வழிகாட்டல் என்று எங்கள் விழா அழைப்பிதழ் மாதிரி. பதினைந்தாவது செக்கனுக்குள் எல்லோரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பாட்டுத் தொடங்கும்போது கதை நிற்கவில்லை. பெயர்கள் எல்லாம் இறுதிக்குப் போயின. இப்போது வீடியோ உலக்கைச் சத்தத்தோடு தொடங்குகிறது. சத்தம் கேட்டதும் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, சத்தம். பிள்ளைகள் ஹெட்போன் போட்டுக் கலந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மண்டபத்து ஸ்பீக்கரில் றபான் அதிர்ந்து சொல்லை மூடியது. போனின் சின்ன ஸ்பீக்கரில் அதே றபான் காணாமலே போனது, ஏனென்றால் அடித்தொனியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு ஐயா. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை. "தம்பி, அப்ப கால் உளைய உளைய மிதிச்சுப் பாட்டுக் கேட்டனாங்கள். சொல்லு விளங்காத பாட்டுக்கு ஆரும் மிதிக்க மாட்டினம்" என்றார். அதன் பிறகு பாடுகிற இடங்களில் றபானைத் தணித்து, அடித்தொனியைக் குறைத்தோம். ஹெட்போன், போன், பெரிய ஸ்பீக்கர் என மூன்றிலும் கேட்டுத்தான் முடித்தோம்.

அந்த ஐயாவின் தலைமுறைக்கு நேயர் என்ற சொல்லின் பெறுமதி தெரியும். இலங்கை வானொலியில் 1952-இல் தொடங்கிய அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா, பாட்டுகளை வரிசைப்படுத்த நேயர் கடிதங்களையும் பார்த்தது. தமிழ்ச் சேவைக்குத் தபாலட்டை எழுதிவிட்டுத் தன் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்தவர்கள் இன்றும் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு உம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. "சேர், என்ட மகள் பாடட்டும். அவட குரலை ஊர் கேக்கட்டும். ஆனா முகம் பேஸ்புக்கில வர வேணாம்." இன்னும் இரண்டு தாய்மார் அதையே சொன்னார்கள், அதில் ஒருவர் தமிழ்த் தாய். இதை வாக்கெடுப்புக்கு விடவில்லை. ஒரு பிள்ளையின் முகம் பற்றி மற்றப் பிள்ளைகள் வாக்களிக்க முடியாது. அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டு உலக்கை பிடித்த கை, வாசலில் கழற்றி விட்ட செருப்பு, சுவரில் விழுந்த நிழல் என்று புதிதாக எடுத்தார்கள். அடுத்த சுற்றில் "திரும்பப் பார்க்கச் சொன்னா எந்த இடம்?" என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்னது அந்தச் செருப்புகளைத்தான்.

இனி நான்காவது விஷயம். சந்தேகத்தோடு கேட்டவர்கள் இதைத்தான் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பாட்டின் நடுவில் கூரையில்லாத ஒரு பழைய வீட்டுச் சுவர் வரும். உள்ளே மரம் முளைத்திருக்கும். அதைப் பார்த்து ஒரு முஸ்லிம் மாணவியின் உம்மும்மா அழுதார். "எங்கட ஊடும் வந்து பாக்கக்குள்ள இப்பிடித்தான் கெடந்த" என்றார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் அவரும் ஒருவர். என் உம்மா வாப்பாவும் அப்படித்தான் புத்தளம் போனவர்கள். நான் பிறந்ததே அங்கே, ஓலைக் கொட்டிலில்.

அதே சுவரைப் பார்த்து ஒரு தமிழ் மாணவனின் அம்மம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "உது ஆற்ற வீடு?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அது 2009. அந்த ஆண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனவர். சுவர் வரும் நேரத்தில் பாட்டில் ஒலித்த வரி 'துரத்திய நாள்' பற்றியது. இந்தச் சுவர் தன்னைக் குற்றஞ்சாட்டுகிறதா, தன்னைப் பற்றிப் பேசுகிறதா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஸ்டுவர்ட் ஹோல் என்ற அறிஞர் 1973-இல் எழுதியது இதுதான்: அனுப்புகிறவர் வைத்த பொருளிலேயே பெறுகிறவர் எடுப்பார் என்று இல்லை, அவரவர் தம் வாழ்க்கையில் நின்றுதான் எடுப்பார்கள். புத்தகத்தில் படித்தது எங்கள் முற்றத்தில் நடந்தது.

வகுப்பில் இரண்டு நாள் வாதம். சுவரை வெட்டிவிடுவோம் என்றார்கள் சிலர். '1990' என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை என்றார்கள் சிலர். அப்படியென்றால் 2009-ஐ யார் எழுதுவது என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் எதுவும் தீர்மானிக்கவில்லை. "அந்த இரண்டு பேரிடமும் திரும்பப் போங்கள்" என்றேன்.

போனார்கள். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி: "உங்கட பழைய வீட்டு வாசலில என்ன இருந்தது?" ஒருவர் மாமரம் என்றார், அதில் கட்டிய ஊஞ்சலைச் சொன்னார். மற்றவர் கிணற்றடிக் கமுகைச் சொன்னார். இரண்டையும் போனில் பதிந்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கிற வீடியோவில் சுவர் வரும்போது பாட்டு நின்றுவிடும். பெயரில்லாமல், முகமில்லாமல், இரண்டு மூதாட்டிகளின் குரல் மட்டும் கேட்கும். பிறகு உலக்கைச் சத்தம் மெல்லத் தொடங்கும். நீங்கள் 'மாத்தினது' என்று சொல்கிற இடம் இதுதான். யாரும் பயப்படுத்தி வெட்டவில்லை. முன்பு ஐந்து செக்கன் இருந்த சுவர் இப்போது இருபது செக்கன் இருக்கிறது.

எல்லோருக்கும் இது திருப்தி இல்லை. எங்கள் பள்ளிவாசலடியில் ஒரு பெரியவர், "ஆண்டைப் போடாட்டி நாளைக்கு வாற பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் வீடியோவின் கீழுள்ள குறிப்பில் 1990, 2009 இரண்டையும் என்ன நடந்தது என்பதோடு எழுதியிருக்கிறார்கள். அது போதாது என்று அவர் இன்னும் சொல்கிறார். அவரோடு கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்படிச் செய்ய விரும்பும் மற்ற ஆசிரியர்களுக்கு மூன்று நடைமுறை விஷயம். ஒன்று, யூடியூப்பில் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் வேறொன்றாக மாற்ற முடியாது. புதிதாக ஏற்றினால் பழைய பார்வையும் கருத்தும் கூட வராது. ஆகவே முதலில் 'அன்லிஸ்டெட்' ஆக ஏற்றி, இணைப்பைத் தேவையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு, வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்புங்கள். மூன்று, வருகிற கருத்துகளை மூன்றாகப் பிரியுங்கள். விளங்கவில்லை என்றால் கட்டாயம் திருத்துங்கள். பிடிக்கவில்லை என்றால் பிள்ளைகள் கதைத்து முடிவெடுக்கட்டும். யாரையும் நோகடிக்கிறது என்றால் வாக்கெடுக்காமல், நொந்தவரிடமே திரும்பப் போங்கள்.

அடுத்த பாட்டு குளத்தைப் பற்றியது. இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணை கொப்பியோடு உங்கள் வீடுகளுக்கு வருவார்கள். அப்போது தயவுசெய்து "நல்லம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எந்த இடத்தில் தேத்தண்ணி போட எழும்பினீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.