அத்தான் கண்ட வியட்நாம்

கொழும்பு புறக்கோட்டையிலே புடைவை வியாபாரம் செய்யும் என் தமக்கையாரின் கணவர், 1997-ம் ஆண்டு முதன்முறையாக வியட்நாம் தேசத்துக்குப் பயணஞ் செய்தார். அதன் பின்னர் வருடத்துக்கு ஒரு முறையாயினும் அங்கே போய்வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கோ அந்நாடு நூல்களின் வாயிலாக மாத்திரமே தெரியும். 2025-ம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் ஐந்து நாட்கள் அவரோடு அங்கே தங்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

நான் சென்றது வேடிக்கை பார்ப்பதற்கன்று. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாத என் மகன், மீண்டும் பரீட்சை எழுத மறுத்து, மாமாவின் வியாபாரத்திலே சேரப்போவதாகச் சொன்னான். எனக்கு அது சம்மதமில்லை. "தம்பி, நீர் மறுப்பதானால் பார்த்துவிட்டு மறும். இருவரும் என்னோடு வாருங்கள்" என்றார் அத்தான்.

சிங்கப்பூர் வழியாகச் சென்று ஹோ சி மின் நகரில் இறங்கினோம். பழைய பெயராகிய சைகோன் என்பதே இன்றும் மக்கள் வாயில் வழங்குகிறது. வீதியைக் கண்டதும் நான் திகைத்து நின்றேன். மாரிகாலத்து வெள்ளம்போல மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டேயிருந்தன. ஓர் இடைவெளியும் இல்லை. அத்தான் என் கையைப் பற்றி, "நிற்கவுங் கூடாது, ஓடவுங் கூடாது. ஒரே சீராக நடவும். அவர்களே விலகிச் செல்வார்கள்" என்றார். அவ்வாறே நடந்தோம். வெள்ளம் எங்கள் இருபுறமும் பிரிந்து சென்றது.

அந்த வீதிகளை வைத்தே அத்தான் நாட்டின் கதையைச் சொன்னார். அவர் முதலில் வந்த காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளும் தொழிலாளரும் துவிச்சக்கர வண்டிகளில் கூட்டங் கூட்டமாகச் செல்வார்களாம். பின்னர் மோட்டார் சைக்கிள் பெருகிற்று. எந்தக் கம்பனி செய்தாலும் தெற்கே அதற்கு 'ஹொண்டா' என்றே பெயர். 2007-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் திகதி தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டபொழுது அவர் அங்கேதான் இருந்தாராம். முதல் நாள் கருங்கூந்தலாகத் தெரிந்த வீதி, மறுநாட் காலையில் பல நிறக் குமிழ்களாகத் தெரிந்ததாம். இப்பொழுது புகையிரதமும் வந்துவிட்டது. 2012-ல் வேலை தொடங்கி, 2024-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் திகதி திறக்கப்பட்ட நகரப் புகையிரதப் பாதை 19.7 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் 14 நிலையங்களுள் மூன்று நிலத்துக்குக் கீழே உள்ளன. ஜப்பான் நாட்டுக் கடனுதவி கொண்டு அமைக்கப்பட்டது. அதில் ஏறிச் சென்றபொழுது, பழம் நிறைந்த கூடையை மடியில் வைத்திருந்த ஒரு மூதாட்டி, கண்ணாடி வழியாகத் தம் நகரத்தை ஒரு குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைகோன் ஆற்றங்கரையில் நின்றபொழுது அத்தான் சொன்னார்: "முதலிலே இந்த ஆற்றைப் படகில் கடந்தேன். 2011-ல் ஆற்றின் அடியிலே சுரங்க வீதி திறந்தார்கள். அதன் வழியாகக் கடந்தேன். 2022-ல் இந்தப் பாலத்தைத் திறந்தார்கள். இனி எதன் மேலாகக் கடப்பேனோ!"

ஆனால், மாற்றத்துக்கு விலையும் உண்டு. அக்கரையிலுள்ள தூ தியெம் என்னும் பகுதியில் புதுநகர் அமைப்பதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அக்காணிகளைப் பற்றிய வழக்கும் முறைப்பாடும் பல வருடங்கள் நீடித்தன. புகையிரதப் பாதைக்காக லெ லோய் வீதியின் முதிய மரங்கள் வெட்டப்பட்டன. அந்நாட்டில் நடைபெறுவது ஒரே கட்சியின் ஆட்சி என்பதையும், பத்திரிகைகள் விரும்பியதையெல்லாம் எழுதிவிட முடியாது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவு மாற்றமும் எங்ஙனம் நிகழ்ந்தது? மாணவர்கள் இதை அறிந்திருத்தல் நன்று. 1975-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் திகதி யுத்தம் முடிந்தது. ஆனால், சமாதானம் வந்ததும் செழிப்பு வந்துவிடவில்லை. நிலமும் வியாபாரமும் அரசின் கைக்குப் போயின. நெல் விளையும் நாட்டிலே அரிசி போதாமற் போயிற்று. 1986-ம் ஆண்டு விலைவாசி ஒரே வருடத்தில் 700 வீதத்துக்கு மேல் ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய ஆளுங்கட்சியின் மகாநாடு, தான் சென்ற வழியிலே பிழை நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, 'தொய் மொய்', அதாவது புதுப்பித்தல் என்னும் கொள்கையை ஏற்றது. 1988-ல் வயல்களைப் பயிரிடும் பொறுப்பு குடும்பங்களிடம் விடப்பட்டது. மறுவருடமே அந்நாடு பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசியை ஏற்றுமதி செய்தது! 1994-ல் அமெரிக்கா வியாபாரத் தடையை நீக்கியது. 1995-ல் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கத்திலும், 2007-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்திலும் வியட்நாம் சேர்ந்தது. இன்று மிளகு ஏற்றுமதியில் உலகில் முதலிடம் அதற்கே. கோப்பியில் பிறேசிலுக்கு அடுத்த இடம்.

எங்கள் நாட்டில் 2009-ல் போர் முடிந்தது. பிழையை ஒப்புக்கொள்வதற்கு அவர்களுக்குப் பதினொரு வருடங்கள் சென்றன என்று மகனிடம் சொன்னேன். "எங்களுக்கு எத்தனை வருடம் அப்பா?" என்று கேட்டான். இருபது வருடங்களாக வினாக்களுக்கு விடை சொல்லிவரும் நான் அப்பொழுது மௌனமானேன்.

மறுநாள் சொலொன் பகுதிக்குச் சென்றோம். பெரிய சந்தை என்பது அப்பெயரின் பொருள். சீன வம்சத்தவர் மிகுதியாக வாழும் இடம். அத்தானின் பழைய விலாசப் புத்தகத்தில் அந்தக் கடை 'ஐந்தாம் மாவட்டம்' என்றிருந்தது. 2025 ஜூலை 1-ந் திகதி முதல் நாட்டின் 63 மாகாண, மாநகரப் பிரிவுகளும் 34 ஆக்கப்பட்டு, மாவட்டம் என்னும் படியே நிருவாகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. "விலாசம் போய்விட்டது. கடை இருக்கிறதா பார்ப்போம்" என்று அவர் நகைத்தார்.

கடை இருந்தது. அத்தானோடு முதலில் வியாபாரஞ் செய்த முதியவர் இப்பொழுது இல்லை. அவருடைய மகள் நடத்துகிறார். எங்களைக் கண்டதும் அந்த அம்மையார் என் வயதைக் கேட்டார். நான் சற்றே திடுக்கிட்டேன். வியட்நாம் மொழியிலே 'நீர்', 'நான்' என்று பொதுவாகப் பேசுவது அரிது. அண்ணன், தங்கை, மாமன், அத்தை என்று உறவு சொல்லியே பேசவேண்டும். அதற்காகவே வயதைக் கேட்கிறார்கள் என்று அத்தான் விளக்கினார். என்னைத் 'தம்பி' என்னும் பொருள்பட அழைத்துத் தேநீர் தந்தார்கள். எங்கள் ஊரில் இருப்பதுபோன்ற உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று.

பின்னர் அத்தான் ஒரு விஷயத்தைச் சொன்னார். அதை அவர் வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. 2022-ம் ஆண்டு எங்கள் நாட்டிலே டொலர் இல்லாமற் போனபொழுது, இந்தக் கடைக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை அவரால் அனுப்ப முடியவில்லை. மாதங்கள் சென்றன. அவமானத்தால் அவர் தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஒருநாள் அந்த அம்மையாரிடமிருந்து ஒரு படம் வந்தது. முதியவரின் பழைய கணக்குப் புத்தகத்தின் ஓர் ஏடு. 1997-ல், மொழி தெரியாத ஓர் இளைஞன் துணியைக் காணுமுன்னரே முழுப் பணத்தையும் கொடுத்துப்போனான் என்று அதில் குறித்திருந்ததாம். 'அன்று எங்கள் தகப்பனாரை நீங்கள் நம்பினீர்கள். இன்று நாங்கள் காத்திருப்போம்' என்பது செய்தி. பதினான்கு மாதங்களில் அத்தான் கடனைத் தீர்த்தார்.

இதைச் சொல்லும்பொழுது அவர் குரல் தழுதழுத்தது. வியாபாரம் என்றால் கொள்வதும் விற்பதுமே என்று எண்ணியிருந்த நான் தலைகுனிந்தேன்.

புறப்படும் நாட் காலை, பெந்தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சைகோனில் வாழ்ந்த தமிழர் கட்டிய ஆலயம் அது. அவர்களிற் பெரும்பாலோர் 1975-க்குப் பின் வெளியேறிவிட்டனர். ஆயினும், ஆலயத்திலே சனம் நிறைந்திருந்தது. வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தி ஏற்றினர். கருவறையின் பின்புறச் சுவரிலே நெற்றியைப் பதித்துத் தங்கள் குறைகளைச் சொல்லினர். மொழி வேறு, வேண்டுதல் ஒன்றே. நானும் அச்சுவரிலே நெற்றியைப் பதித்தேன். என்ன வேண்டினேன் என்பதைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

விமான நிலையத்திலே மகன் ஒரு சிறு கொப்பியை விரித்து, கடைக்கார அம்மையாரிடம் கேட்டெழுதிய எண்களை மெல்ல உச்சரித்துக்கொண்டிருந்தான்: "மோட், ஹாய், பா..." பரீட்சைக்கு அவன் இவ்வளவு ஆவலோடு படித்ததை நான் கண்டதில்லை.

"ஒரு வருடம் மாமாவோடு இரு. அதனோடு வெளிவாரிப் பட்டத்துக்கும் பதிவு செய்துகொள்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "சரி அப்பா" என்றான். அத்தான் ஒன்றும் பேசவில்லை. தமது பழைய விலாசப் புத்தகத்தை எடுத்து, பேனாவோடு மருமகனிடம் நீட்டினார்.

"புது விலாசங்களை இனி நீயே எழுது" என்றார்.