பரணில் உறங்கும் விளையாட்டுகள்

விருத்தாசலத்தில் பல்லடம் மாணிக்கம் அமைத்த தமிழ்நூல் காப்பகம் பழைய நூல்களுக்குப் புகலிடம். நூறாண்டு கடந்த நூலாயினும், விரித்தால் உடனே படிக்கலாம். பழைய கணினி விளையாட்டுகளின் நிலை அவ்வாறன்று. அவை பதிந்த நெகிழ்வட்டைப் படிக்க அதற்குரிய கருவி வேண்டும். இயக்குவதற்கு அக்காலக் கணினியோ, அதுபோலவே செயற்படும் மென்பொருளோ வேண்டும். நம் ஈரக்காற்றில் வட்டின்மீது பூஞ்சை படரும். காந்தப் பதிவும் நாளடைவில் மங்கும்.

1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வைப் படைத்த ஜோர்டன் மெக்னர், அதன் மூல நிரல் தொலைந்ததென்றே கருதியிருந்தார். 2012இல் அவருடைய தந்தை பழைய பெட்டியொன்றில் அவ்வட்டுகளைக் கண்டெடுத்தார். வல்லுநர் துணையோடு நிரலை மீட்ட மெக்னர், யாவரும் காண அதனை இணையத்தில் வைத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் வட்டுகள் பழுதுறாமல் இருந்தது நற்பேறே.

ஆகவே, பரணில் இத்தகைய வட்டுகளை வைத்திருப்போர் முதலில் அவற்றைப் படியெடுத்தல் வேண்டும். அட்டைப்பெட்டியையும் கையேட்டையும் எறிந்துவிடலாகாது. அதே விளையாட்டின் டாஸ் பதிப்பில், கையேட்டின் குறித்த பக்கத்திலுள்ள எழுத்தை அறிந்து, அவ்வெழுத்துக்குரிய குப்பியை இளவரசன் அருந்த வேண்டும். கையேடு இல்லையேல் அவ்வறையிலேயே அவன் தடுமாறுவான்.