மே மாதம் இல்லாத டீச்சர்

என் தங்கை தஞ்சைப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. 2012இல் அரசு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஒருத்தி. அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனாலும் பல வருடங்கள் மே மாதத்துக்குக் கிடைக்கவில்லை. அப்போதெல்லாம் ஒவ்வொரு ஜூனும் அவளுக்குக் கடனோடுதான் பிறந்தது. (கௌரவ விரிவுரையாளராக இருந்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். முனைவர் பட்டமா மே மாதத்தில் உலை வைக்கும்?)

பள்ளி திறந்த வாரம் அவளோடு போயிருந்தேன். கைக்காசில் வாங்கிய கிரேயான் டப்பாக்களைப் பிரித்து வைத்துவிட்டு, "வீடு வரைங்க" என்றாள். எல்லாத் தாளிலும் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓட்டு வீடு.

"நம்ம ஊர்ல மலை எங்கடி இருக்கு?"

ஒரே சிரிப்பு.

"சரி, உங்க வீட்ல நீங்க உட்கார்ற இடத்தை மட்டும் வரைங்க."

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேசையருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், எப்பவும் உட்கார்ற இடமா, அந்த மூணு நாள் உட்கார்ற இடமா?"

தங்கை என்னைப் பார்த்தாள். "உனக்கு எது வரையணுமோ அது."

கொல்லைப்புறச் சார்ப்பு, தனித் தட்டு, தம்ளர், கோரைப்பாய். இத்தனை வருடம் பெண்ணியம் நடத்தியிருக்கிறேன். என் வகுப்பில் எவளும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அதற்குள் கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்றார், பீரியடைக் கேட்டு. வழக்கமாகக் கொடுத்துவிடுவாளாம்.

"பிள்ளைங்க இன்னும் முடிக்கல சார்" என்றாள்.

அந்தப் பெண் பாய்க்கு நிறம் தேடிக்கொண்டிருந்தாள்.