முதுகெலும்பு இல்லாத காவலர்கள்... தாமிரபரணிக்குள் ஒரு பயணம்!

'முதுகெலும்பு இல்லாதவன்' என்று யாரையும் திட்டுவதற்கு முன், ஒருமுறை தாமிரபரணிக்கு வாருங்கள். இந்த ஆற்றைத் தெளிவாக வைத்திருப்பதில் பெரும் பங்கு முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத்தான்!

பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலைத் தொடும்வரை சுமார் 128 கி.மீ. ஓடுகிறது தாமிரபரணி. மலையில் பாறைகளில் மோதி வரும் தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம். கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, செவுள்களால் மூச்சு விடும் பூச்சிகளின் இளம்பருவங்களுக்கு அதுதான் வீடு.

பறக்கும் தட்டான்கூட சிறுவயதில் நீர்வாசிதான். ஆபத்து வந்தால், உடலின் பின்முனை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட்போலப் பாயும். கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும்.

அம்பாசமுத்திரம் தாண்டினால் சமவெளி. ஆறு நிதானமாகிறது, மணலும் சேறும் படிகின்றன. அதில் பாதி புதைந்திருக்கும் மட்டிகள், தண்ணீரை உள்ளே இழுத்து, நுண்ணிய பாசிகளை வடிகட்டித் தின்றுவிட்டு, தெளிந்த நீரை வெளியே விடுகின்றன. கல்லில் படிந்த பாசியைச் சுரண்டுவது நத்தையின் வேலை. வயல் வரப்பில் வளை தோண்டுவது நண்டு.

கடைசியில் கடல். பாண்டியரின் கொற்கைத் துறைமுகத்துக்குப் பெருமை சேர்த்த முத்துச்சிப்பியும் இதே மட்டி இனத்தின் உறவுதான்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள் அடியில் படிந்தால், மட்டி புதைய இடமில்லை. சாக்கடை கலந்தால் ஆக்சிஜன் குறையும். ஹீமோகுளோபின் உள்ள சிவப்புப் புழுக்கள் அதிலும் தாக்குப்பிடிக்கும். மற்றவை ஒவ்வொன்றாக மறையும்.

குளிக்க இறங்கும்போது ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். விதவிதமான உயிர்கள் இருந்தால் ஆறு நலம். சிவப்புப் புழு மட்டும் என்றால், எச்சரிக்கை!

பார்த்ததும் கல்லை அப்படியே வைத்துவிடுங்கள். அது அவற்றின் கூரை.